டாஹோ ஏரியில் சாலை சைக்கிள்: முழுச் சுற்றா, மேற்குக் கரையா, டானர் கணவாயா?

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் சாலை சைக்கிள் ஓட்டும் தமிழ் நண்பர்கள் கோடை நெருங்கும்போது கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "சுகர் பைன் பாயிண்ட் பூங்காவில் கூடாரம் போட இடம் கிடைத்துவிட்டது. சைக்கிளையும் கொண்டுபோகிறோம். டாஹோ ஏரியை ஒரு சுற்று சுற்றிவிடலாமா?"

சுற்றலாம். ஆனால் கேட்பவர்களில் பலருக்கு அது சரியான தேர்வு இல்லை என்பது என் எண்ணம். ஏரியைச் சுற்றி 72 மைல், அதாவது 116 கிலோமீட்டர். இந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம். "ஊரில் 60 மைல் ஓட்டியிருக்கிறேன், இன்னும் 12 மைல்தானே" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். டாஹோவில் தூரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும், அன்று வார நாளா வார இறுதியா, பாதியில் முடியாமல் போனால் எப்படித் திரும்புவது: முடிவு இவற்றில்தான் இருக்கிறது.

இடத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஏரி கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் பொது. மேற்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்காக சுகர் பைன் பாயிண்ட், டி.எல். பிளிஸ், எமரால்டு பே என்று மூன்று கலிபோர்னியா மாநிலப் பூங்காக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எதிர்க்கரையில் நெவாடாவின் மாநிலப் பூங்கா. அதில் பெயர்பெற்ற கடற்கரை போன்ற பகுதி சாண்ட் ஹார்பர். வடக்கே ட்ரக்கி ஊரை ஒட்டி டானர் ஏரியும் அதன் கரையில் டானர் நினைவு மாநிலப் பூங்காவும். இந்தப் பூங்காக்களை மையமாக வைத்துத்தான் கீழே உள்ள நான்கு பாதைகளும்.

## எதை வைத்து அளப்பது

சாலையோரம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிள் போக இடம் இருக்கிறதா? டாஹோவில் இது அரை மைலுக்கு ஒருமுறை மாறும். இடமே இல்லாத குறுகலான பகுதியில் வண்டித் தடத்தின் நடுவில் ஓட்ட கலிபோர்னியா சட்டம் அனுமதிக்கிறது. முந்துகிற வண்டி குறைந்தது 3 அடி விலகிப் போக வேண்டும், முடிந்த இடத்தில் தடமே மாற வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் பின்னால் பத்து கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது நிதானமாக ஓட்ட முடியுமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

உயரம். ஏரியின் நீர்மட்டமே 6,225 அடி, 1,897 மீட்டர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சான் ஹோசேயில் பேசிக்கொண்டே ஏறும் மேட்டில் இங்கே மூச்சு வாங்கும். வெள்ளி இரவு காரில் வந்து சனி காலை ஓட்டுகிறவருக்கு உடல் பழக நேரமே இல்லை. போதாததற்குக் காற்றும் உலர்ந்தது. வியர்ப்பது தெரியாது, தண்ணீர் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும்.

தப்பிக்கும் வழி. பங்க்சர், தசைப்பிடிப்பு, இடி மின்னல் எதுவானாலும் திரும்பும் வழி வேண்டும். வடக்குக் கரையிலும் ட்ரக்கி வரையிலும் மேற்குக் கரையில் டஹோமா வரையிலும் ஓடும் டார்ட் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. முன்பக்கச் சட்டத்தில் சைக்கிளை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் சில சைக்கிள்களுக்குத்தான் இடம், பேருந்தும் அடிக்கடி வராது.

கண்ணுக்குத் தெரியாத செலவு. பார்க்கிங், நுழைவுக் கட்டணம், இரவுத் தங்கல் இவை ஒரு பக்கம். கூடாரத்தில் நமக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் ஒரு நாளும் செலவுதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் பலர் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

| பாதை | தூரம் | ஏற்றம் | கார் நெரிசல் | பாதியில் விடலாமா |
|---|---|---|---|---|
| முழுச் சுற்று | 72 மைல் | சுமார் 4,000 அடி | இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் கடுமை | கிழக்குக் கரையில் கடினம் |
| சுகர் பைன் – எமரால்டு பே, போகவர | சுமார் 16 மைல். டாஹோ சிட்டியிலிருந்து சுமார் 36 | நடுத்தரம் | காலை 8 மணிக்குள் குறைவு | எப்போது வேண்டுமானாலும் |
| டானர் ஏரியும் கணவாயும் | சுமார் 15 மைல் | ஒரே ஏற்றம், 1,100 அடி | குறைவு | எப்போது வேண்டுமானாலும் |
| சைக்கிள் தடங்கள் | விருப்பம்போல் | மிகக் குறைவு | கார் இல்லை, நடப்பவர்கள் நிறைய | எப்போது வேண்டுமானாலும் |

## முழுச் சுற்று

முதலில் திசை. கடிகார முள் சுற்றும் பக்கமாகவே போங்கள். அப்படிப் போனால் ஏரி எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். சாலையின் வலப்புறம் ஓட்டும் நாட்டில் இதன் பயன் பெரிது: காட்சிமுனைகளில் நிற்க எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டாம். எமரால்டு பேயின் தெற்கே உள்ள கொண்டை ஊசி வளைவுகளும் இந்தத் திசையில் ஏற்றமாக வரும். அந்த இடத்தில் வேகமாக இறங்குவதைவிட மெதுவாக ஏறுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, எங்கே தொடங்குவது. பலர் கோட்டைவிடுவது இதில்தான். சுகர் பைன் பாயிண்டில் கூடாரம் போட்டவர் இயல்பாக அங்கேயே தொடங்குவார். கடிகாரத் திசையில் அவர் டாஹோ சிட்டி, கிங்ஸ் பீச், இன்க்லைன் வில்லேஜ், ஸ்பூனர், ஸ்டேட்லைன், சவுத் லேக் டாஹோ எல்லாம் சுற்றி எமரால்டு பேக்கு வரும்போது 60 மைல் தாண்டியிருக்கும். பிற்பகல் ஆகியிருக்கும். மேற்குக் கரையில் போகும் 89ஆம் எண் நெடுஞ்சாலையின் மிகக் குறுகலான பகுதி, கால் ஓய்ந்த நேரம், பார்க்கிங் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும் கார்கள், மூன்றும் ஒரே இடத்தில் சேரும். எமரால்டு பேக்கும் கேஸ்கேடு ஏரிக்கும் நடுவே சாலை ஒரு மலைமுகட்டின் மீது போகிறது. இரண்டு பக்கமும் சரிவு, தடுப்புக் கம்பி கிடையாது. களைத்துப்போன நிலையில் யாரும் அங்கே இருக்கக் கூடாது.

எனவே முழுச் சுற்று என்று முடிவெடுத்துவிட்டால் சவுத் லேக் டாஹோவில் தொடங்குங்கள். விடிந்ததும் கிளம்பினால் முதல் 10 மைலுக்குள் அந்த முகட்டையும் வளைவுகளையும் கடந்துவிடலாம். கூட்டம் வருவதற்கு முன், புதுக் காலோடு. எமரால்டு பேயின் நடுவில் இருக்கும் ஃபனெட் தீவு, முழு டாஹோவுக்கும் உள்ள ஒரே தீவு, அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டியது.

இதற்கும் ஒரு விலை உண்டு. காலையில் மேற்கை முடித்தால் நண்பகலில் கிழக்குக் கரை வந்து சேரும். நெவாடாவின் 28ஆம் எண் சாலையில் கோடை நண்பகல் என்றால் சாலையோரமெல்லாம் மனிதர்களும் வண்டிகளும்தான். நல்ல வேளையாக இன்க்லைனிலிருந்து சாண்ட் ஹார்பர் வரை 3 மைலுக்குத் தனித் தடம் 2019இல் திறந்தார்கள். நடப்பவர்களும் குழந்தைகளும் இருப்பதால் அங்கே வேகம் கூடாது, ஆனால் சாலையின் பதற்றம் இல்லை. சாண்ட் ஹார்பருக்கு அப்புறம் மறுபடி சாலைதான். ஸ்பூனர் ஏரியை ஒட்டி ஏறத்தாழ 7,000 அடி உயரம் வரை நீளமான ஏற்றம். செங்குத்து இல்லை, ஆனால் முடியவே முடியாது என்று தோன்றும். அங்கிருந்து 50ஆம் எண் நெடுஞ்சாலையில் நால்வழி இறக்கம், வண்டிகள் வேகமாகப் பறக்கும் இடம். கேவ் ராக்கில் ஒரு சிறு சுரங்கம் வருகிறது. கறுப்புக் கண்ணாடி அங்கே ஆபத்து. நுழைவதற்கு முன் கழற்றிவிட்டு, பின்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஓரம் ஒதுங்காமல் வண்டித் தடத்தின் நடுவில் தைரியமாகப் போங்கள். அந்தப் பாறை வாஷோ பழங்குடியினருக்குப் புனிதமானது. அதில் பாறையேற்றம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நின்று பார்த்தால் அந்த மரியாதையோடு பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இன்க்லைன் வில்லேஜில் இரண்டு பாட்டிலையும் நிரப்பாமல் கிளம்பாதீர்கள். சாண்ட் ஹார்பரைத் தாண்டினால் ஜெஃபிர் கோவ் வரை ஒழுங்கான கடை கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது, நடுவில்தான் பெரிய ஏற்றம். பிற்பகலில் தென்மேற்குக் காற்று வலுக்கும். கடைசி மைல்களில் அது முகத்தில்தான் அடிக்கும்.

நடுத்தர வேகத்தில் ஓட்டுகிறவருக்கு நிறுத்தங்களோடு சேர்த்து ஏழெட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வந்த இரண்டு நாள் பயணத்தில் அது ஒரு முழு நாள். சவுத் லேக் டாஹோவில் தொடங்க விடிகாலையில் காரில் போக வேண்டும், அல்லது அங்கேயே விடுதி எடுக்க வேண்டும். கோடை வார இறுதியில் அது மலிவாக இருக்காது.

முழுச் சுற்று யாருக்கு என்றால், சொந்த ஊர் மலைகளில் 4,000 அடி ஏறி 60 மைல் ஓட்டிப் பழகி, வார நாளில் வர முடிந்தவர்களுக்கு. ஜூன் நடுப்பகுதி நல்ல நேரம். செப்டம்பரில் லேபர் டே (மாதத்தின் முதல் திங்கள், விடுமுறை) கழிந்த வாரங்கள் அதைவிட நல்ல நேரம். வார இறுதியில் மட்டும்தான் வர முடியும் என்றால், உணவும் உதவி வண்டியும் தந்து குழுவாக நடத்தும் ஏரிச் சுற்றுச் சவாரிகளில் பதிவுசெய்துகொள்வது நல்லது. பணம் கட்ட வேண்டும், ஆனால் கூட்டமாகப் போகும் சைக்கிள்களை வண்டிக்காரர்கள் எளிதில் கவனிப்பார்கள்.

## சுகர் பைன் பாயிண்டிலிருந்து எமரால்டு பே

முதல்முறை வருபவருக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம் எளிது: டாஹோவின் மிக அழகான சாலைப்பகுதி இதில் இருக்கிறது, மிக மோசமான சாலைப்பகுதி இதில் இல்லை. வடக்கிலிருந்து வந்து ஈகிள் அருவி அருகில் திரும்பிவிட்டால், தடுப்பில்லாத அந்த முகடும் கொண்டை ஊசி வளைவுகளும் நீங்கள் திரும்பும் இடத்துக்கு அப்பால்தான் தொடங்குகின்றன. போகவர 16 மைல் அளவு. காலை 6 மணிக்குக் கிளம்பினால் கூடாரத்தில் காப்பி கொதிக்கும்போது திரும்பிவிடலாம்.

மீக்ஸ் பே வரை கரையை ஒட்டிய தளர்வான ஓட்டம். அதற்கப்புறம் சாலை ஏரியை விட்டு மேலே ஏறத் தொடங்கும், டி.எல். பிளிஸ் பூங்கா வாசல் வரை சளைக்காமல் ஏறும். பைன் மரங்களுக்கு நடுவே நிழல் இருக்கும், ஏரி கண்ணில் படாது. பிறகு ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, நூற்றுக்கணக்கான அடி கீழே எமரால்டு பே முழுதாகத் திறக்கும். அங்கே பார்வை சாலையை விட்டுப் போவது இயல்பு. காட்சிமுனை வரும்வரை பொறுத்திருங்கள், ஏனென்றால் இந்தப் பகுதியிலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், சாலையோரம் மிகக் குறைவு.

கீழே கரையில் இருப்பது வைக்கிங்ஸ்ஹோம், 1929இல் ஸ்காண்டிநேவியப் பாணியில் கட்டிய கோடை மாளிகை. சாலையிலிருந்து ஒரு மைல் செங்குத்தாக இறங்கித்தான் போக வேண்டும். பார்க்க விருப்பம் இருந்தால் பூட்டும் ஒரு லேசான செருப்பும் முதுகுப்பையில் வையுங்கள். கிளீட் (பெடலில் மாட்டும் கொக்கி) பொருத்திய காலணியில் அந்த இறக்கத்தை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கொஞ்சம் அதிகம் ஓட்ட வேண்டும் என்றால் டாஹோ சிட்டியில் தொடங்குங்கள், 36 மைல் ஆகும். டாஹோ சிட்டியிலிருந்து மீக்ஸ் பே வரை சாலையை ஒட்டிச் சைக்கிள் தடம் இருப்பதால் திரும்பும்போது போக்குவரத்து கூடியிருந்தாலும் அதில் ஏறிக்கொள்ளலாம். இந்த வசதி மற்ற சாலைப் பாதைகளில் இவ்வளவு நீளத்துக்கு இல்லை.

குறை என்ன? நேரம்தான். எமரால்டு பே பார்க்கிங் கோடை வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு காரும் நின்று நின்று இடம் தேடும், கதவுகள் சட்டென்று திறக்கும். 10 மணிக்குத்தான் கிளம்ப முடியும் என்றால் இந்தப் பாதையைத் தொடாதீர்கள், மீக்ஸ் பேயில் திரும்பிவிடுங்கள். விடிகாலையில் கிளம்புவதற்கும் ஒரு தொல்லை உண்டு: ஜூலையிலும் கை விறைக்கும் குளிர். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் இல்லாமல் இறக்கத்தில் பிரேக் பிடிப்பது சிரமம். வசந்தத்தில் வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவு ஆபத்தால் எமரால்டு பே சாலையை மூடுவார்கள், திறந்த பின்னும் சாலையோரத்தில் குளிர்காலத்து மணல் கிடக்கும். வளைவில் மெல்லிய டயருக்கு அது எதிரி.

முகாம் இடம்தான் இங்கே உண்மையான செலவு. கலிபோர்னியா மாநிலப் பூங்கா முகாம்களை ஆறு மாதம் முன்னதாகவே பதிவுசெய்யலாம், கோடைத் தேதிகள் உடனே போய்விடும். கரடிகள் நடமாடும் காடு என்பதால் சைக்கிள் பையில் இருக்கும் எனர்ஜி பாரைக்கூட இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும்.

## டானர் ஏரியும் பழைய 40ஆம் எண் சாலையும்

ஏற்றம் பிடித்தவர்களுக்கு இந்தப் பகுதியிலேயே சிறந்த சாலை இதுதான் என்பேன். டாஹோ ஏரி தரும் அந்த நீலம் இங்கே இல்லை. அதற்குப் பதிலாகக் கார்களின் தொல்லை குறைவு. காரணம் 1964. அந்த ஆண்டு 80ஆம் எண் விரைவுச்சாலை வந்தபோது கணவாய் வழியாகப் போன பழைய 40ஆம் எண் சாலையின் போக்குவரத்தெல்லாம் அங்கே மாறிவிட்டது. லாரிகள் போன பின் மிஞ்சிய நல்ல தார்ச்சாலை இப்போது சைக்கிள்காரர்களுக்கும் பாறையேறிகளுக்கும்.

டானர் நினைவுப் பூங்காவில் காரை விட்டுவிட்டு முதலில் ஏரியை ஒரு சுற்று வாருங்கள், 7 மைல் அளவு. தென்கரை வீடுகளுக்கு நடுவே அமைதியாகப் போகும். உடம்பு சூடானதும் மேற்கு முனையிலிருந்து கணவாய்க்கு ஏறலாம். ஏரி 5,936 அடி, கணவாய் 7,056 அடி. மூன்றரை மைலுக்குள் அந்த 1,100 அடியும் வந்துவிடும், சராசரி 6 முதல் 7 சதவீதச் சாய்வு. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னதில் 32 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். பாதிக்கு மேல் 1926இல் கட்டிய வளைவுப் பாலம் வரும். சாய்ந்தும் வளைந்தும் பள்ளத்தைத் தாண்டும் அழகான கான்கிரீட் பாலம். அதன் அருகில் நின்று திரும்பிப் பார்த்தால் ஏரி முழுவதும் கீழே.

மேலே பாறையில் தெரியும் குகைவாய்கள் முதல் கண்டங்கடந்த ரயில்பாதைக்காகச் சீனத் தொழிலாளர்கள் 1860களில் கையால் குடைந்த சுரங்கங்கள். அவர்கள் அடுக்கிய கல்சுவர் சாந்து இல்லாமல் இன்றும் நிற்கிறது. பூங்காவில் இருக்கும் நினைவுச்சின்னத்தின் பீடம் 22 அடி உயரம். 1846–47 குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் குடியேற வந்த டானர் குழு இங்கே சிக்கிக்கொண்டபோது பனி அந்த அளவுக்கு இருந்தது என்று காட்டுவதற்காக அப்படிக் கட்டினார்கள். 80க்கும் மேற்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மீளவில்லை. சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் ஏறும் கணவாய் அவர்களைத் தடுத்து நிறுத்திய கணவாய். ஓட்டுவதற்கு முன் பூங்காவில் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் ஏற்றம் வேறு மாதிரி இருக்கும்.

சுகர் பைனில் தங்கியிருப்பவர் டாஹோ சிட்டி வழியாகச் சைக்கிளிலேயே டானருக்கு வரலாம். ஆனால் டாஹோ சிட்டிக்கும் ட்ரக்கிக்கும் நடுவே 14 மைல், போகும்போது லேசான இறக்கம், களைத்துத் திரும்பும்போது அதே தூரம் லேசான ஏற்றம். கோடையில் ட்ரக்கி ஆற்றில் ரப்பர் படகு விட வருபவர்களின் கார்களும் சேரும். காரில் வந்து பூங்காவில் தொடங்குவதே புத்திசாலித்தனம். பார்க்கிங்குக்கு மாநிலப் பூங்காக் கட்டணம் கட்ட வேண்டும். பே ஏரியாவிலிருந்து 80ஆம் எண் சாலையில் வருபவருக்கு இது டாஹோவை அடைவதற்கு முன்பே வருவதால், வழியில் ஓட்டிவிட்டு முகாமுக்குப் போகவும் தோது.

இறங்கும்போது மட்டும் கவனம். ஏறுகையில் கண்ணில் படாத சாலை வெடிப்புகள் இறங்குகையில் சக்கரத்துக்குத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை உண்டு. மொட்டைப் பாறைமேல் அந்த நேரத்தில் நிற்கக் கூடாது, நண்பகலுக்குள் கீழே வந்துவிடுங்கள்.

## தடங்கள் மட்டும்

குழந்தைகளோடும் சைக்கிள் பழகாத துணையோடும் வந்தால் சாலையை விட்டுவிடுங்கள். சுகர் பைனிலிருந்து டாஹோ சிட்டி வரை மேற்குக் கரைத் தடம், அங்கிருந்து ட்ரக்கி ஆற்றை ஒட்டி ஒலிம்பிக் பள்ளத்தாக்கு வரை இன்னும் 5 மைல். ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு அது. தடத்தில் நாய்கள், தள்ளுவண்டிகள், வாடகை மின்சைக்கிள்கள் எல்லாம் இருக்கும். பந்தய வேகத்தில் ஓட்ட நினைப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சுகர் பைன் பூங்காவுக்குள்ளேயே 1960 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குத் தடங்கள் போன காடு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

## இரண்டு நாள் இருந்தால்

வெள்ளி மாலை வருபவருக்கு என் யோசனை: சனிக்கிழமை விடிகாலையில் எமரால்டு பே, மீதி நாள் குடும்பத்தோடு கரையில். ஞாயிறு ஊர் திரும்பும் வழியில் டானர் கணவாய். இரண்டும் சேர்த்து முப்பது மைல்தான், ஆனால் ஒவ்வொரு மைலும் ஓட்டத் தகுந்தது. முழுச் சுற்றை விடுப்பு எடுத்து வரும் ஒரு செப்டம்பர் செவ்வாய்க்கிழமைக்கு வையுங்கள்.

எந்தப் பாதையானாலும் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சாலை வேலை. பனி இல்லாத மாதங்களில்தான் 89இல் தார் போடுவார்கள், ஒருவழிப் போக்குவரத்தில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது காட்டுத்தீப் புகை. 2021இல் கால்டர் தீ சவுத் லேக் டாஹோவைக் காலிசெய்யவைத்தது. அதே கோடையில் டாமரக் தீயால் மார்க்லிவில் பக்கம் நடக்க வேண்டிய பெரிய மலைச் சவாரியை நிறுத்தினார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால் முன்பதிவுப் பணம் போனாலும் போகட்டும், ஏற்றத்தில் மூச்சிரைக்க அந்தப் புகையை இழுக்க வேண்டாம்.